கைப்பிரதியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்: துக்கத்தில் இருக்கும் நண்பரிடம் விசுவாசத்தைப் பகிர்வது எப்படி?

எனக்கு 23 வயது இருக்கும்போது கல்லூரித் தோழன் ஒருவனின் அப்பா மாரடைப்பில் இறந்துபோனார். சபை வாலிபர் கூட்டத்தில் நான் தீவிரமாக இருந்த நேரம் அது. சட்டைப் பையில் இயேசுவைப் பற்றிய துண்டுப் பிரசுரங்கள், அதாவது நான்கு கைப்பிரதிகளோடு சாவு வீட்டுக்குப் போனேன். சாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே, "அப்பா இப்போ எங்க இருக்கார்னு உனக்குத் தெரியுமாடா?" என்று ஆரம்பித்துவிட்டேன். கையில் ஒரு பிரதியையும் திணித்தேன். அவன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனான். பிரதி நாற்காலிக் காலடியில் கிடந்தது. பறையடிக்க வந்திருந்த பெரியவர் ஒருவர் அதை எடுத்துத் தூசி தட்டி, "தம்பி, உங்களுதா?" என்று என்னிடமே திருப்பித் தந்தார்.

அவன் என்னோடு மறுபடி பேச இரண்டு வருடம் ஆனது.

புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர்களும், பிறந்ததிலிருந்தே கோவிலுக்கு (சர்ச்சுக்கு) போய்க்கொண்டிருந்தாலும் வேற்று மத நண்பர்களிடம் இதைப் பற்றி வாய் திறந்தே இராதவர்களும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நண்பன் கஷ்டத்தில் இருக்கிறான், இயேசுவைப் பற்றி எப்படிச் சொல்வது?" நான் செய்த தப்பை நீங்கள் செய்யாமல் இருக்க, எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு வார்த்தையைச் சரியாகப் படிப்போம்

இந்த விஷயத்தில் எல்லாரும் எடுத்துக்காட்டும் வசனம் 1 பேதுரு 3:15. "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்." பழைய மொழிபெயர்ப்பில் 'உத்தரவு' என்றால் பதில். இன்றைய தமிழில் உத்தரவு என்றால் கட்டளை. நம்மில் பாதிப் பேர் அந்த வசனத்தை இன்றைய தமிழில்தான் கடைப்பிடிக்கிறோம் என்று எனக்கு ஒரு சந்தேகம்! வசனம் பதிலைப் பற்றிப் பேசுகிறது. பதில் என்றால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்க வேண்டும், அதுவும் 'விசாரித்துக் கேட்கிற' கேள்வி. அந்தக் கேள்வி வரும்வரை என்ன செய்வது, வந்தால் என்ன சொல்வது என்பதுதான் இனி வருவதெல்லாம்.

கிளம்புவதற்கு முன்

உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். இவன் கடைசிவரை கிறிஸ்தவனாகவே ஆகாவிட்டாலும் இந்த நட்பு இப்படியே இருக்குமா? 'இருக்கும்' என்று தயங்காமல் சொல்ல முடியவில்லை என்றால், ஆறுதல் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். விசுவாசத்தைப் பற்றிப் பேச வேண்டாம். தூண்டிலோடு வருகிறவனைத் துக்கத்தில் இருப்பவர் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்.

அப்புறம், போகிற வீட்டின் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். இந்து வீட்டுத் துக்கத்துக்குப் போனால் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து வந்துவிடுவதுதான் முறை. முஸ்லிம் வீடு என்றால் அடக்கம் பெரும்பாலும் அன்றைக்கே முடிந்துவிடும். சனிக்கிழமை லீவில் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

மருத்துவமனையில் நண்பனின் அம்மா திருநீற்றை எடுத்து நீட்டுகிறார். என்ன செய்வது? நான் கையை நீட்டி வாங்கி, காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொள்வேன். அது அவருடைய பயமும் நம்பிக்கையும் கலந்த ஒரு சிட்டிகை. இதை ஒத்துக்கொள்ளாத போதகர்கள் உண்டு. உங்கள் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்றால், கைகூப்பி "இருக்கட்டும்மா" என்று சொன்னால் போதும். ஐசியூ வாசலில் நின்று "நாங்க இதெல்லாம் தொட மாட்டோம்" என்று விளக்கம் கொடுக்காதீர்கள்.

முதல் நாள்: வாயைத் திறக்காதீர்கள்

பைபிளில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து துடிக்கிற யோபுவின் மூன்று நண்பர்களைப் பற்றி நாம் கெட்டதாகவே கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் அவர்கள் வந்தவுடன் செய்தது மிகச் சரியான காரியம். யோபுவின் துக்கம் எவ்வளவு கொடியது என்று பார்த்துவிட்டு, இரவும் பகலும் ஏழு நாள், ஒரு வார்த்தை பேசாமல், அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். 2ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் இது. வம்பு ஆரம்பிப்பது 4ஆம் அதிகாரத்தில் அவர்களில் ஒருவனான எலிப்பாஸ் வாயைத் திறக்கும்போதுதான். "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று யோபு அலுத்துக்கொள்கிற அளவுக்கு அது போகிறது. கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கோபப்படுவது, கடவுளையே கேள்வி கேட்டுக் கத்திய யோபு மேல் அல்ல, கடவுளுக்கு வக்கீலாக வந்து வாதாடிய இந்த நண்பர்கள் மேல்.

ஆக, முதல் நாள் உங்கள் வேலை தரையில் உட்காருவது. பேசியே ஆக வேண்டும் என்றால் "சாப்பிட்டியாடா?" போதும். அவன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேளுங்கள். ஒரே கதையை நான்காவது முறை சொன்னாலும் புதிதாகக் கேட்பதுபோலக் கேளுங்கள்.

"எல்லாம் நன்மைக்கே", "ஆண்டவர் ஏதோ ஒரு திட்டம் வச்சிருக்கார்" போன்ற வாக்கியங்களை வாயில் வைத்துக்கொண்டே போகாதீர்கள். 'சகலமும் நன்மைக்கு ஏதுவாக' என்பது ரோமர் 8இல் பவுல் சொன்னது. ஆனால் அதே பவுல் நான்கு அதிகாரம் தள்ளி "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்றும் எழுதியிருக்கிறார். சாவு வீட்டுக்கு உரியது இரண்டாவது வசனம். இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார் என்கிறது யோவான் 11. முடிவு தெரிந்தவரே அழுதார். முடிவு தெரியாத நமக்கு என்ன அவசரம்?

வேலையைக் கையில் எடுங்கள்

"ஏதாவது உதவி வேணும்னா சொல்லு" என்பது நல்ல மனசோடு சொல்லப்படும் வெறும் வாக்கியம். யாரும் சொல்ல மாட்டார்கள். துக்கத்தில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவே தெம்பு இருக்காது. நீங்களே பார்த்து எடுத்துச் செய்யுங்கள்.

மருத்துவமனை என்றால் ராத்திரி அட்டெண்டராக ஒருவர் தங்க வேண்டும். ஒரு பாய், ஃப்ளாஸ்க்கில் டீ, போன் சார்ஜர் எடுத்துக்கொண்டு போய், "நீ வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு நாலு மணி நேரம் தூங்கு, நான் இருக்கேன்" என்று சொல்லுங்கள். ரத்தம் கேட்டால் கொடுங்கள், அல்லது கொடுக்கிறவரைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, அந்த மருத்துவமனையில் செல்லுமா என்று கவுன்ட்டரில் நின்று விசாரியுங்கள். மரணம் என்றால் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். இறப்புச் சான்றிதழ் கையில் வந்த பிறகுதான் வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, ஓய்வூதியம் எல்லாம். இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் நான்கு முறை அலைய ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருங்கள். வேலை போன நண்பன் என்றால் அவனுடைய ரெஸ்யூமை வாங்கி, உங்களுக்குத் தெரிந்த பத்து பேருக்கு அனுப்புங்கள். பணம் கொடுக்க முடிந்தால் கொடுங்கள், அன்றைக்கு இயேசுவைப் பற்றிப் பேசாதீர்கள். பணமும் பிரசங்கமும் ஒரே கையால் கொடுக்கக் கூடாதவை.

இது சுவிசேஷம் இல்லையே, வெறும் சமூக சேவைதானே என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஒருவரின் மகள் ஐடா ஸ்கடரை நினைத்துப் பாருங்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டிலிருந்து, பிரசவ வலியில் துடிக்கும் மனைவிக்காக மூன்று ஆண்கள் வந்து அழைத்தார்கள். ஆண் மருத்துவரை அவர்கள் உள்ளே விட மாட்டார்கள், ஐடாவுக்கோ அப்போது மருத்துவம் தெரியாது. காலையில் மூன்று தாய்மாரும் இறந்திருந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி வந்து, 1900இல் வேலூரில் ஒரே கட்டிலோடு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். அதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. அந்த மூன்று வீட்டுக்கும் அன்றிரவு தேவைப்பட்டது ஒரு மருத்துவச்சிதான்.

கேள்வி வரும்

எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வராமலும் போகலாம். வந்தால் எப்படி வரும் என்பதை என் கதையிலிருந்தே சொல்கிறேன்.

அந்தச் சாவு வீட்டுக்கு நான்கு வருடம் கழித்து என் அம்மா இறந்துபோனார். இரண்டு வருடம் டயாலிசிஸ், வாரத்துக்கு மூன்று முறை. அந்தச் செய்தி கேட்டு முதலில் வந்து நின்றவன் அதே தோழன்தான். வந்தவன் ஒன்றும் பேசவில்லை. பெட்டிக்குச் சொன்னான், சாமியானாவுக்குச் சொன்னான், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவருக்கு டீ வாங்கிக் கொடுத்தான், மூன்று நாள் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே படுத்துக் கிடந்தான். நான் அவனுக்குச் செய்திருக்க வேண்டிய எல்லாவற்றையும் அவன் எனக்குச் செய்தான். மூன்றாம் நாள் ராத்திரி, கொசுவர்த்தி புகையில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டான்: "ரெண்டு வருஷம் ஜெபம் பண்ணீங்களேடா. ஒண்ணும் நடக்கல. இன்னும் எப்படிடா ஜெபம் பண்ற?"

இதுதான் பேதுரு சொன்ன 'விசாரித்துக் கேட்கிற' கேள்வி. நான் இரண்டு நிமிடம்தான் பேசியிருப்பேன். அம்மா குணமாகவில்லை என்று கோபம் இருக்கிறது என்றேன். டயாலிசிஸ் முடிந்து வரும் ஒவ்வொரு சாயங்காலமும் அம்மா 23ஆம் சங்கீதத்தை முணுமுணுப்பார், பள்ளத்தாக்கை அவர் சுற்றிப் போகவில்லை, ஆனால் தனியாகவும் போகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது, அதனால்தான் நானும் விடவில்லை என்றேன். அவன் "ம்" என்றான். அவ்வளவுதான்.

நம் சபைகளில் சாட்சி என்றாலே வெற்றிக் கதைதான். டாக்டர் கைவிட்டார், ஜெபித்தோம், ரிப்போர்ட் நார்மல். அப்படி நடந்திருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவரிடம் அது போய்ச் சேரும்போது, 'உங்களுக்கு ஏன் நடக்கவில்லை?' என்றுதான் காதில் விழும். கிடைக்காத பதிலையும் சேர்த்துச் சொல்கிற சாட்சியைத்தான் துக்கத்தில் இருப்பவர் நம்புவார். முன்கூட்டியே ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள்: என்ன நடந்தது, நான் என்ன செய்தேன், இன்னும் புரியாதது என்ன. இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் வெட்டுங்கள்.

வீட்டுத் தமிழில் பேசுங்கள்

இதில் புதியவர்களைவிடப் பழையவர்கள்தான் அதிகம் சறுக்குவார்கள். கோவிலுக்குள் புழங்கும் தமிழ் வெளியே வேறு பொருள் தரும். சாட்சி என்றால் வெளியே கோர்ட் கூண்டு. விசுவாசம் என்றால் நாய்க்கு இருப்பது. ஊழியர் என்றால் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர். "எனக்கு உன் மேல ஒரு பாரம் இருக்கு" என்று நண்பனிடம் சொன்னால், உனக்கு நான் என்ன சுமையா என்று பயந்துவிடுவான். "இரட்சிக்கப்பட்டியா?" என்றால் எந்த விபத்திலிருந்து என்று கேட்பான், அவன் மேல் தப்பில்லை.

இரட்சிப்பு என்பதை "கடவுள் என்னைக் கைவிடல" என்று சொல்லிப் பாருங்கள். கிருபை என்பதை "நான் சம்பாதிக்காம கிடைச்சது" என்று சொல்லலாம். முழு இறையியலும் அதில் அடங்காது. அடங்க வேண்டியதும் இல்லை. அவன் மேலும் கேட்டால் மேலும் சொல்லலாம்.

படிக்கக் கேட்டால் மாற்கு நற்செய்தியைக் கொடுங்கள், 16 அதிகாரம்தான், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். பழைய மொழிபெயர்ப்பின் நடை நமக்குத் தாலாட்டு, அவனுக்குக் கல்வெட்டு. எளிய தமிழில் வந்த மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன, அதில் ஒன்றைத் தேடிக் கொடுங்கள்.

ஜெபிக்கலாமா?

அனுமதி கேட்டுவிட்டுத்தான். மறுக்க வழி வைத்துக் கேளுங்கள்: "உனக்காக வேண்டிக்கட்டுமாடா? இங்க வேணாம்னா நான் வீட்டுல போய் வேண்டிக்கிறேன்." வேண்டாம் என்றால் முகம் மாறக் கூடாது. சரி என்றால் அரை நிமிடம். கண்ணை மூடச் சொல்ல வேண்டாம், தலையில் கை வைக்க வேண்டாம், பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கும் சத்தம் வேண்டாம். "ஆண்டவரே, இவனோட அப்பா கஷ்டப்படுறார். வலியைக் குறைங்க. டாக்டருக்கு நல்ல தெளிவு கொடுங்க. இவனுக்குத் தூக்கம் கொடுங்க. ஆமென்." கடவுளிடம் பேசும் சாக்கில் நண்பனுக்குப் பிரசங்கம் செய்யாதீர்கள். 'இவர் உம்மை அறியாதிருக்கிறாரே ஆண்டவரே' வகை ஜெபம் யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

குணமாகிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்வது பாவம் என்றே நான் சொல்வேன்.

இன்னொன்று, ஜெபக் குறிப்பு. நண்பனின் மனைவி கோபித்துக்கொண்டு போனது, அவன் தம்பி குடிக்கிறது, எல்லாம் 'ஜெபத்துக்காக' என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுவில் 140 பேருக்குப் போய்விடும். அது வம்பளப்பு, பக்தி முக்காடு போட்டது. அவன் அனுமதி இல்லாமல் பெயரைச் சொல்லாதீர்கள். "ஒரு நண்பனுக்காக" என்று சொன்னாலே கடவுளுக்கு முகவரி தெரியும்.

"நான் என்ன பாவம் செஞ்சேன்?"

நம் ஊரில் துக்கம் வந்தால் முதலில் வரும் வார்த்தை இதுதான். "எந்த ஜென்மத்துப் பாவமோ", "யார் விட்ட சாபமோ". கேட்பவர் பதிலை எதிர்பார்க்காமலும் இருக்கலாம், அது வெறும் அழுகையாக இருக்கலாம். ஆனால் நேராக உங்கள் கண்ணைப் பார்த்துக் கேட்டால், கிறிஸ்தவனுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. யோவான் 9இல் பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்ததைச் சொல்லி, எருசலேமில் மற்ற எல்லாரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். மூளை வளர்ச்சி குறைந்த குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் ஒரு தாய்க்கு, "இது உங்க தப்பு இல்லக்கா" என்று சொல்வதைவிடப் பெரிய நற்செய்தியை நான் இதுவரை கண்டதில்லை. அவர் நம்பிக்கையைக் குறை சொல்லாமலே அதைச் சொல்ல முடியும்.

"அப்போ ஏன் நடந்துச்சு?" என்று அடுத்த கேள்வி வரும். "தெரியலக்கா." அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடவுள் மேல் கோபமாக இருக்கும் நண்பர் கிறிஸ்தவராகவே இருந்தால் 88ஆம் சங்கீதத்தைக் காட்டுங்கள். இருட்டில் ஆரம்பித்து இருட்டிலேயே முடியும் ஜெபம் அது. வேதத்தில் அதற்கும் இடம் இருக்கிறது என்று தெரிந்தாலே பலருக்கு மூச்சு வரும்.

சாகலாம் போல இருக்கிறது என்று யாராவது சொன்னால், மேலே சொன்ன எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தமிழில் பேசுவார்கள், 24 மணி நேரமும் உண்டு. தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்கும் கூப்பிடலாம். வீட்டாருக்குச் சொல்லுங்கள், மனநல மருத்துவரிடம் கூடவே போங்கள். ஜெபம் மட்டும் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சட்டம், ஒரு வரி

அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அந்த உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று 1977இல் ஸ்டனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த மதமாற்றத் தடைச் சட்டம் பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டது. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத் போன்ற மாநிலங்களில் அப்படிப்பட்ட சட்டம் உண்டு, அங்கே வேலை பார்ப்பவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே இருந்தாலும் நண்பரின் பிள்ளைகளிடம் பெற்றோருக்குத் தெரியாமல் இதைப் பற்றிப் பேசாதீர்கள்.

கோவிலுக்கு வரட்டுமா என்று கேட்டால்

முதல் தடவையே நான்கு மணி நேர உபவாச ஜெபத்துக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வார நாளில், ஆள் இல்லாத சாயங்கால நேரத்தில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அவன் ஏற்கெனவே வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு போய்வந்தவனாக இருக்கலாம், நம் ஊரில் அது சகஜம். நீங்கள் புராட்டஸ்டன்ட் என்பதற்காக அங்கேயே மாதா பற்றி விவாதம் ஆரம்பித்துவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

பதினாறாம் நாளுக்கு அப்புறம்

காரியம் முடிந்ததும் உறவுக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். சாமியானா போய்விடும், போன் அடிப்பது நின்றுவிடும். உண்மையான துக்கம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. முதல் மாதம் வாரம் ஒரு முறை, அப்புறம் மாதம் ஒரு முறை போய்ப் பாருங்கள். காலையில் பூப்படம் போட்ட வசனத்தை ஃபார்வர்ட் செய்வது போய்ப் பார்த்ததாக ஆகாது. முதல் தீபாவளி வரும், அவர்கள் கொண்டாட மாட்டார்கள். அன்றைக்கு ஒரு மணி நேரம் அங்கே இருங்கள்.

நினைவு நாளை போனில் குறித்து வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் இந்து வீடுகளில் அது பெரும்பாலும் திதிக் கணக்கு, ஆங்கிலத் தேதி வேறு, திதி வேறு. அந்தத் தோழனை முதல் தடவை நான் தேதியைப் பார்த்துக் கூப்பிட்டு, திதி போன வாரமே முடிந்திருந்ததைத் தெரிந்துகொண்டேன். இப்போதெல்லாம் தை பிறந்ததும் அவனிடமே கேட்டுவிடுகிறேன்.

"டேய், இந்த வருஷம் அப்பா திதி என்னிக்கு?"

"இருடா, காலண்டர் அடுப்படியில மாட்டியிருக்கு. பாத்துச் சொல்றேன்."